நோவுக்கு இடும் எண்

தற்கொலை எண்ணத்தை மருத்துவ ஏடு எவ்வாறு பதிகிறது?

சிலாங்கூர் மாநிலத்துச் சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டத்தைச் சேர்ந்த நிலமாக இருந்தது. 1970-களின் நடுவில் அங்கே வீடமைப்புத் தொடங்கிற்று. மரங்கள் இருந்த இடத்தில் தெருக்களும், தெருக்களையடுத்துக் கடைகளும், பின்னர் மருத்துவமனைகளும் எழுந்தன. இன்று அந்நகரிலும் அண்டையிலுள்ள பண்டார் சன்வேயிலும் பெரிய தனியார் மருத்துவமனைகள் உள்ளன. சற்று அப்பால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும், கிள்ளானில் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் இருக்கின்றன. இவற்றுள் எதில் நோயாளி ஒருவர் நுழைந்து வெளியேறினாலும், அவருடைய கண்ணுக்குப் படாத ஒரு வேலை பின்னால் நடைபெறுகிறது. மருத்துவர் எழுதிய நோய்ப்பெயரைப் பதிவேட்டு அலுவலர் எடுத்து, ஓர் எழுத்தும் சில இலக்கங்களும் கொண்ட குறியீடாக மாற்றுகிறார்.

எலும்பு முறிவுக்கும் நீரிழிவுக்கும் எண் இடுவது எளிது. ஆனால் ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று ஒருவர் மருத்துவரிடம் மெல்லச் சொல்லுவாரானால் அதற்கு எந்த எண்ணை இடுவது? அஃது ஒரு நோயா, நோயின் அறிகுறியா, அல்லது வாழ்க்கைத் துன்பத்தின் வெளிப்பாடா? இவ்வினாவுக்கு விடை காண்பது அலுவலகக் காரியம் மட்டுமன்று. ஒரு நாட்டில் எத்தனை பேர் இத்துன்பத்தில் உழல்கின்றனர், அவர்களுக்கு எத்தனை மருத்துவர் வேண்டும், எந்த வயதினரை முதலில் காக்கவேண்டும் என்பனவெல்லாம் இந்த எண்களைக் கூட்டித்தான் அறியப்படுகின்றன. எண் தவறினால் கணக்குத் தவறும். கணக்குத் தவறினால் உதவியும் தவறும்.

பட்டியல் பிறந்த வரலாறு

இறப்புகளைக் காரணவாரியாக எண்ணும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டு இலண்டனில் வேரூன்றியது. அந்நகரின் வாராந்தர மரணப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிரௌண்ட் என்னும் வணிகர் 1662-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் தொகுத்த காரணங்களுள் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோருக்கும் ஒரு வரிசை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் பார், ஒரே நோயை ஊருக்கு ஒரு பெயரால் எழுதினால் கணக்கு நிற்காது என்பதைக் கண்டு, சீரான பெயர்ப் பட்டியல் வேண்டுமென வற்புறுத்தினார். பாரிஸ் நகரப் புள்ளிவிவர அறிஞர் ஜாக் பெர்த்தில்லோன் 1893-இல் சிக்காகோவில் கூடிய அனைத்துலகப் புள்ளிவிவரக் கழகத்தின் முன் தம் பட்டியலை வைத்தார். அதன் விரிந்த வடிவில் 161 தலைப்புகள் இருந்தன. இன்றைய உலகப் பட்டியலின் மூலம் அதுவே.

தொடக்கத்தில் இஃது இறந்தோரைக் கணக்கிடும் பட்டியலாகவே இருந்தது. 1948-இல் உலகச் சுகாதார நிறுவனம் இப்பொறுப்பை ஏற்று ஆறாம் திருத்தத்தை வெளியிட்டபோதுதான் உயிரோடிருப்பவர்களின் நோய்களும் அதில் இடம்பெற்றன. மனநோய்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டதும் அப்போதே. 1990-இல் பத்தாம் திருத்தமும், 2019-இல் பதினோராம் திருத்தமும் உலகச் சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டன. பதினோராம் திருத்தம் 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எனினும் நாடுகள் ஒரே நாளில் பழையதை விட்டுப் புதியதற்கு மாறிவிடுவதில்லை. படிவங்களும் கணிப்பொறிகளும் பயிற்சியும் மாறவேண்டியிருப்பதால், பத்தாம் திருத்தத்தின் எண்களை அறிந்துகொள்வது இன்றும் பயனுடையதே.

எண்ணம் வேறு, நோய் வேறு, செயல் வேறு

பத்தாம் திருத்தத்தில் ஒவ்வொரு குறியீடும் ஆங்கில எழுத்து ஒன்றால் தொடங்குகிறது. அவ்வெழுத்தைக் கண்டே பொருள் எந்த அத்தியாயத்தைச் சேர்ந்தது என்று கூறிவிடலாம். ‘எஃப்’ மனநோய்களைக் குறிக்கும். ‘ஆர்’ என்பது, நோய் இன்னதெனத் துணியப்படாத நிலையில் காணும் அறிகுறிகளைக் குறிக்கும். ‘எக்ஸ்’, ‘ஒய்’ ஆகியவை விபத்து, தாக்குதல், தன்னைத்தானே வருத்துதல் போன்ற புறக்காரணங்களுக்கு உரியவை. ‘இசட்’ என்பது நோயல்லாத, ஆனால் நலத்தைப் பாதிக்கின்ற சூழல்களுக்கு உரியது.

தற்கொலை எண்ணம் இவற்றுள் ‘ஆர் 45.8’ என்னும் தலைப்பின்கீழ் வருகிறது. மனநிலை தொடர்பான பிற அறிகுறிகளுக்குரிய தலைப்பு அது. ஆனால் அங்கேயே ஒரு விலக்கும் எழுதப்பட்டுள்ளது: அவ்வெண்ணம் ஒரு மனநோயின் பகுதியாக இருந்தால் அந்தக் குறியீட்டை இடலாகாது, அந்நோய்க்குரிய ‘எஃப்’ எண்ணையே இடவேண்டும். இவ்விலக்கின் கருத்தைச் சில எடுத்துக்காட்டுகளால் தெளியலாம்.

கல்லூரி மாணவர் ஒருவர் தேர்வில் தோற்ற அதிர்ச்சியில், ‘செத்துவிடலாம் போலிருக்கிறது’ என்று சொல்லி அவசரப் பிரிவுக்கு அழைத்துவரப்படுகிறார் எனக் கொள்க. மருத்துவர் நெடுநேரம் பேசிப் பார்த்தும் மனநோய் எதுவும் துணியப்படவில்லை. இங்கே ‘ஆர் 45.8’ பொருந்தும். அறிகுறி உண்டு, நோய் நிலைநாட்டப்படவில்லை.

இரண்டாமவர் வேலையிழந்த குடும்பத் தலைவர். இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுதும் மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் பசியும் குன்றி, தம்மைத் தாமே குற்றஞ்சாட்டிக்கொண்டு, இறப்பதே மேல் என எண்ணுகிறார். இது மனச்சோர்வு நோய். குறியீடு ‘எஃப் 32’. அதன்பின் வரும் இலக்கம் நோயின் கடுமையைக் காட்டும். 0 என்றால் மெலிது; 1 என்றால் நடுத்தரம்; 2 என்றால் கடுமை; 3 என்றால் மாயத் தோற்றங்களோ பொய்நம்பிக்கைகளோ கூடிய கடுமை. நோய் மீண்டும் மீண்டும் வருமானால் ‘எஃப் 33’ ஆகும். வேலையிழப்பு என்னும் சூழலை ‘இசட் 56’ என்று உடன் குறிக்கலாம். வாழ்வில் நேர்ந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் எழும் இடர்ப்பாடு மட்டுமே எனின், ‘எஃப் 43.2’ என்ற வேறோர் எண் உள்ளது.

மூன்றாமவர் எண்ணத்தோடு நில்லாமல் தம்மை வருத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர். இவருக்கு இரண்டு எண்கள் தேவை. உடலில் நேர்ந்த கேடு இன்னதென ஓர் எண். அது தாமே வருவித்துக்கொண்டது எனக் காட்டும் ‘எக்ஸ் 60’ முதல் ‘எக்ஸ் 84’ வரையுள்ளவற்றுள் ஓர் எண். இவர் பிழைத்து, சில ஆண்டு கழித்து வேறொரு காரணத்துக்காக மருத்துவமனைக்கு வந்தால், முன்பு இவ்வாறு நேர்ந்தது என்பதை ‘இசட் 91.5’ நினைவூட்டும். முன்னைய முயற்சி பின்னைய ஆபத்தின் வலுவான அடையாளங்களுள் ஒன்றாதலால், அச்சிறு எண் ஓர் உயிரைக் காக்கும் குறிப்பாகலாம்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. இரண்டாமவரின் ஏட்டில் ‘எஃப் 32’ மட்டுமே நிற்கிறது. அதே எண்ணைப் பெற்ற வேறொருவருக்கு இறப்பெண்ணம் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே எண்களைக் கூட்டுபவருக்கு யார் ஆபத்தில் இருந்தவர், யார் இல்லாதவர் என்று தெரியாது. அமெரிக்கர்கள் தங்கள் நாட்டுப் பதிப்பில் ‘ஆர் 45.851’ என்ற தனி எண்ணை வகுத்து, நோயின் எண்ணோடு சேர்த்து இடுகின்றனர். பதினோராம் திருத்தம் இக்குறையை உலகளவில் போக்க முயல்கிறது. அதில் தற்கொலை எண்ணத்துக்கு ‘எம்பி 26.ஏ’ என்றும், தற்கொலை முயற்சிக்கு ‘எம்பி 23.ஆர்’ என்றும், சாகும் நோக்கமின்றித் தன்னை வருத்திக்கொள்வதற்கு ‘எம்பி 23.இ’ என்றும் தனித்தனி எண்கள் உள்ளன. நோயின் எண்ணோடு இவற்றைத் தொடுத்து எழுத இடமளிக்கப்பட்டுள்ளது.

இறந்தபின் மறையும் நோய்

உயிரோடிருப்பவரின் ஏட்டில் நோய் முதலிடம் பெறுகிறது. இறந்தவரின் ஏட்டிலோ நிலைமை தலைகீழாகிறது. இறப்புப் பதிவின் விதிப்படி, வன்முறையாலோ விபத்தாலோ நேர்ந்த மரணத்துக்குப் புறக்காரணமே அடிப்படைக் காரணமாகும். பல்லாண்டு மனச்சோர்வால் வாடி ஒருவர் தம்மை மாய்த்துக்கொண்டாலும், இறப்புக் கணக்கில் அவர் ‘எக்ஸ்’ வரிசையில் சேர்வாரேயன்றி ‘எஃப்’ வரிசையில் சேரார். மனச்சோர்வு கொல்லும் நோய் என்பது இறப்பு அட்டவணையைப் பார்ப்போருக்கு எளிதில் புலப்படாமைக்கு இதுவே ஒரு காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விபத்தா, தற்கொலையா, பிறர் செய்ததா என்று துணிய முடியாத மரணங்களுக்கு ‘ஒய் 10’ முதல் ‘ஒய் 34’ வரை தனி வரிசை வைக்கப்பட்டுள்ளது. இது நேர்மையான ஏற்பாடுதான்; தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதைவிடத் தெரியவில்லை என்பதே மேல். ஆனால் சொல்லக் கூசியவற்றையெல்லாம் போட்டு மூடும் பெட்டியாகவும் அது பயன்பட்டுவிடக்கூடும்.

மலேசியாவில் இதை ஆராய்ந்து காட்டியவர் உளநோய் மருத்துவப் பேராசிரியர் த. மணியம். 1966 முதல் 1990 வரையிலான இறப்புப் புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டு அவர் எழுதிய கட்டுரை 1995-இல் வெளிவந்தது. அதிகாரபூர்வமான தற்கொலைக் கணக்குக் குறைந்துவந்த காலத்தில், காரணம் துணியப்படாத வன்மரணங்களின் கணக்கு ஏறியிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். துன்பம் குறையவில்லை, வரிசை மாறியிருந்தது என்பதே அதன் பொருள். அதற்கு முன்னரே, 1980-களில், கேமரன் மலைப் பகுதியில் நேர்ந்த தற்கொலைகளையும் முயற்சிகளையும் அவர் ஆராய்ந்திருந்தார். இந்திய வமிசாவளியினரிடையே இத்துன்பம் மிகுதி என்பது அவர் ஆய்விலும் பின்வந்தவற்றிலும் திரும்பத் திரும்பத் தெரியவந்த செய்தி.

இக்குறையை நீக்க மலேசியச் சுகாதார அமைச்சு 2007-இல் தேசியத் தற்கொலைப் பதிவேட்டைத் தொடங்கிற்று. தடயவியல் மருத்துவர்கள் பிணப் பரிசோதனையின்போது கண்டவற்றைக் காவல் துறையினரும் குடும்பத்தாரும் கூறுவனவற்றோடு சேர்த்துப் பதிவதே அதன் முறை. 2009-ஆம் ஆண்டுக்கான அறிக்கையில், இலட்சம் பேருக்கு ஒருவரைச் சற்றே தாண்டிய விகிதம் கிடைத்தது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்ட விகிதமோ இலட்சத்துக்கு ஐவருக்கு மேல். ஆண்டுகள் வேறாயினும் இவ்வளவு இடைவெளியை ஆண்டு வேறுபாட்டால் மட்டும் விளக்க இயலாது. பதிவேட்டுக்குள் வராத மரணங்கள் பல என்றே கொள்ளவேண்டும். வீட்டில் நேரும் மரணம் மருத்துவரின் கண்ணுக்கு வராமலே பதிவாவதும், காவல் நிலையத்தில் ‘திடீர் மரண அறிக்கை’ என்ற அளவில் நின்றுவிடுவதும், குடும்பத்தார் நாணத்தாலும் அச்சத்தாலும் உண்மையை மறைப்பதும் இதற்குரிய வழிகள்.

உயிரோடிருப்போரின் கணக்கிலும் இவ்விடைவெளி உண்டு. தேசியச் சுகாதார ஆய்வின்படி, 2017-இல் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகத் தெரிவித்தனர். 2022-இல் அது நூற்றுக்கு 13.1 ஆக உயர்ந்தது. பெயர் குறிக்காத படிவத்தில் இத்தனை பேர் சொன்னதை, மருத்துவரிடம் வந்து சொன்னவர் மிகச் சிலரே. வராதவருக்கு எண் இல்லை.

சட்டத்தின் நிழல்

உண்மை ஏட்டில் ஏறாமைக்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. மலேசியக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதித்திருந்தது. பிழைத்தெழுந்தவர் நோயாளியாக மட்டுமன்றிக் குற்றஞ்சாட்டப்படக் கூடியவராகவும் இருந்தார். ‘தவறி நேர்ந்துவிட்டது’ என்று அவர் சொன்னால் வியப்பில்லை. அச்சொல்லை ஏற்று விபத்து என்று எழுதினால், குறியீடு விபத்து வரிசைக்குப் போய்விடும். மனநல மருத்துவரிடம் அனுப்பும் வாய்ப்பும் அத்துடன் போய்விடும்.

இச்சட்டம் ஆங்கிலேயர் ஆட்சி விட்டுச்சென்றது. இங்கிலாந்து தன் நாட்டில் 1961-லேயே இக்குற்றத்தை நீக்கிவிட்டது. இலங்கை 1998-இல் நீக்கியது. இந்தியாவில், 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தவரே எனக் கொண்டு அவரைத் தண்டிக்காது விடச் சொன்னது. 2024 சூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சிங்கப்பூர் 2020 சனவரியில் நீக்கியது. மலேசிய மக்களவை 2023 மே மாதத்தில் இதற்கான மசோதாவை ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் முதல் தற்கொலை முயற்சி அந்நாட்டில் குற்றமாகாது. அதனுடன் மனநலச் சட்டமும் திருத்தப்பட்டு, போலீசார் மட்டுமின்றித் தீயணைப்பு மீட்புத் துறையினர், பொதுத் தற்காப்புப் படையினர் முதலியோரும் ஆபத்திலிருப்பவரைக் காத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல அதிகாரம் பெற்றனர்.

சட்டம் மாறியதும் ஏட்டில் எண்ணிக்கை கூடுமானால், அதைக் கண்டு மருளலாகாது. மறைந்திருந்தது வெளிவந்ததாலும் எண்ணிக்கை கூடும். கூடியது துன்பமா, பதிவா என்று பிரித்தறிவதே ஆய்வாளரின் வேலை.

சரியான கணக்கின் பயன்

‘எக்ஸ்’ வரிசை எண்கள் வழிவகைவாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதன் பயனை இலங்கையில் காணலாம். அங்கே தற்கொலை விகிதம் 1995-ஐ ஒட்டி உச்சத்தை எட்டியது. அவற்றுள் பெரும்பங்கு வேளாண் நஞ்சுகளால் நேர்ந்தவை என்பதைப் புள்ளிவிவரம் காட்டிற்று. மிகக் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டில் விகிதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. துன்பப்படுவோர் மனத்தை உடனே மாற்ற இயலாவிடினும், கைக்கெட்டும் ஆபத்தை அகற்றினால் பல உயிர்கள் பிழைக்கும். பிழைத்தவரில் பெரும்பாலோர் பின்னர்த் தற்கொலையால் இறப்பதில்லை. தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கிய கொடிய களைக்கொல்லி ஒன்றை மலேசியாவும் 2020 முதல் முற்றிலும் தடைசெய்தது.

எண்ணின் எல்லை

எனினும் எண்ணுக்கு அது தகுதிபெறாத பெருமையை அளித்துவிடலாகாது. ‘ஆர் 45.8’ என்பது ஒருவர் நாளை என்ன செய்வார் என்பதை முன்னறிவிக்கும் சோதிடம் அன்று. இன்று எண்ணம் இல்லை என்றவர் நாளை ஆபத்தில் சிக்கலாம். எண்ணம் உண்டு என்றவருள் பெரும்பாலோர் உதவி பெற்று மீள்கின்றனர். குறியீடு மருத்துவரின் உரையாடலுக்குப் பின் வருவது, உரையாடலுக்கு ஈடாகாது.

எண்ணைக் காண்போர் மருத்துவர் மட்டுமல்லர் என்பதும் கருதத்தக்கது. தனியார் மருத்துவமனைகளில் காப்புறுதி நிறுவனத்துக்குச் செல்லும் படிவத்திலும் நோய்க்குறியீடு இடம்பெறுகிறது. மனநோய்ச் சிகிச்சையையும் தாமே வருவித்துக்கொண்ட காயங்களையும் விலக்கிவைக்கும் காப்புறுதி ஒப்பந்தங்கள் பல உண்டு. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது வேறுபடும். ஆதலால் ‘எஃப்’ எண்ணைக் கண்டு நோயாளி அஞ்சுவதும், நோயாளிக்கு இரங்கி மருத்துவர் மென்மையான வேறோர் எண்ணை நாடுவதும் எங்கும் நேரக்கூடியவையே. அந்த இரக்கம் அன்றைக்கு உதவும். ஆனால் அத்தகைய ஆயிரம் இரக்கங்கள் சேர்ந்தால், நாட்டில் மனச்சோர்வு குறைவு என்னும் பொய்க் கணக்கு உருவாகும். நோயாளியைத் தண்டிக்கும் விதிகளைத் திருத்துவதே இதற்கு மருந்து, எண்ணைத் திருத்துவதன்று.

முதற்கண் வேண்டுவது கேட்பது. இறப்பெண்ணம் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ எனப் பலர் தயங்குகின்றனர். ஆய்வுகள் அவ்வச்சத்துக்கு ஆதாரம் காட்டவில்லை. பரிவோடு கேட்பது பலருக்கு ஆறுதலாகவே இருக்கிறது. தமிழில் இத்துன்பத்தை நேரே சொல்லும் வழக்கம் குறைவு. ‘மனசு சரியில்லை’, ‘வெறுத்துப் போச்சு’, ‘நான் இருந்து என்ன பயன்’ என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நெஞ்சு கனக்கிறது, தலை பாரமாயிருக்கிறது என்று உடல்வலியாகவும் அது வெளிப்படும். கேட்பவர் அச்சொற்களின் உட்பொருளை உணராவிட்டால், நோயாளி தலைவலிக்குரிய எண்ணைப் பெற்று வீடு திரும்புவார்.

அதனால் முதல் பொறுப்பு மருத்துவமனைக்கு முன்பே, வீட்டிலும் பள்ளியிலும் வேலையிடத்திலும் தொடங்குகிறது. மலேசியாவில் அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளிலும் ‘மெந்தாரி’ எனப்படும் சமூக மனநல மையங்களிலும் மனநல உதவி கிடைக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் கோலாலம்பூர் பெஃப்ரெண்டர்ஸ் சங்கம் 1970 முதல் துன்பமுற்றோரின் சொல்லைச் செவிமடுத்து வருகிறது. அதன் தொலைபேசி எண் 03-76272929, இரவும் பகலும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் உதவி எண் 15555. இவ்வெண்களை அழைப்பவருக்கு நோய்க்குறியீடு எதுவும் தேவையில்லை. ‘மனசு சரியில்லை’ என்ற இரண்டு சொல்லே போதும்.